நடக்க வழி செய்தவர்களுக்கு நன்றி சொன்னோமா?



ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது பல ஆலயங்களின் வாசலில் நாம் காண்பது என்ன? நடைபாதை முழுவதும் இருசக்கர வண்டிகள். அவற்றைத் தாண்டிச் சாலையோரத்தில் கார்கள். ஒரு கையில் செபமாலையும் மறுகையில் ஊன்றுகோலுமாக ஒரு மூதாட்டி சாலையில் இறங்கி நடக்கிறார். பின்னால் வரும் பேருந்து ஒலி எழுப்புகிறது. அவர் பதறி ஒதுங்கப் பார்க்கிறார். ஒதுங்க வேண்டிய இடத்தில் நிற்பது யாருடைய வண்டி? சற்று முன் அவரோடு சமாதானம் பகிர்ந்துகொண்ட நம்முடைய வண்டி!

இதைப் பிறர் குறையாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கிலேயே நடந்ததைச் சொல்கிறோம். ஆலயத்திற்கு முன்னுள்ள சாலையில் நடைபாதையை அகலப்படுத்தி, வண்டிகள் ஏற முடியாதபடி குட்டைத் தூண்கள் நடும் வேலை தொடங்கியது. உடனே பங்குப்பேரவையைக் கூட்டினோம். "திருவிழாவுக்கு வருபவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவார்கள்?" என்று கேட்டு மனு எழுதினோம். முதல் கையெழுத்து பங்குத்தந்தையின் கையெழுத்துதான். ஆனாலும் வேலை நிற்கவில்லை.

வேலை முடிந்த மாதத்தில், இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே நற்கருணை பெற்றுவந்த ஒரு பாட்டி, வாரநாள் காலைத் திருப்பலிக்குத் தனியாக நடந்து வந்தார். வியப்போடு கேட்டோம். "இப்ப விழுந்திடுவோம்னு பயமில்ல சாமி. பாதி வழியில உக்கார ஒரு திண்டும் போட்டிருக்காங்க" என்றார். நாம் எதிர்த்து மனு கொடுத்தது இந்தப் பாட்டியின் வழியைத்தான் என்று அன்றுதான் உணர்ந்தோம். குறை சொல்லி மனு எழுதத் தெரிந்த நமக்கு, நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதத் தோன்றவில்லை. இச்சிந்தனை அந்தக் கடனிலிருந்து பிறந்தது.

நலமான தெரு என்பது எது?

தெரு நன்றாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் நாம் நினைப்பது, வண்டி குலுங்காமல் வேகமாகப் போகிறது என்பதே. ஆனால் இலண்டனைச் சேர்ந்த பொதுநலவாழ்வு வல்லுநர் லூசி சாண்டர்ஸ் வேறொரு அளவுகோலை வகுத்தார். 'நலமான தெருக்கள்' எனப்படும் அந்த அணுகுமுறையை 2017-ல் இலண்டன் மாநகரம் தன் போக்குவரத்துத் திட்டத்திற்கு அடிப்படையாக ஏற்றது. அதில் பத்து அடையாளங்கள் உள்ளன.

எல்லாத் தரப்பினரும் அங்கே நடமாட முடிகிறதா? சாலையைக் கடப்பது எளிதா? நிழலும் மழைக்கு ஒதுங்க இடமும் உண்டா? களைத்தால் உட்கார இடமிருக்கிறதா? இரைச்சல் குறைவா? நடக்கவும் மிதிவண்டியில் போகவும் மக்கள் தாமாக விரும்புகிறார்களா? பாதுகாப்பாக உணர்கிறார்களா? பார்க்கவும் செய்யவும் அங்கே ஏதேனும் உண்டா? மனம் பதற்றமின்றி இருக்கிறதா? காற்று தூய்மையாக இருக்கிறதா?

இவற்றில் ஒன்றுகூட வண்டியின் வேகத்தைப் பற்றியது இல்லை என்பதைக் கவனியுங்கள். பத்தும் மனிதரைப் பற்றியவை. நம் பாட்டி சொன்னதில் இரண்டு அடையாளங்கள் அப்படியே இருக்கின்றன: பயமின்மை, உட்கார ஓர் இடம். எந்த வல்லுநரிடமும் படிக்காமலே அவருக்கு அது தெரிந்திருந்தது!

உடல்நலத்திற்கும் தெருவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். வளர்ந்தவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாளொன்றுக்கு 22 நிமிடங்கள்கூட ஆகாது. சந்தைக்கும் பள்ளிக்கும் ஆலயத்திற்கும் நடந்து போய் வந்தாலே பெரும்பாலோருக்கு இது நிறைவாகிவிடும். "தினமும் நடங்கள்" என்று மருத்துவர் எழுதித் தருகிறார். எங்கே நடப்பது? நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்றும், அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. நடப்பவர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால் அவர் உயிரைப் பணயம் வைத்தே நடக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நகரம் காட்டிய வழி

நாம் செய்த தவற்றைப் பெரிய அளவில் செய்து, பின்பு திருந்திய ஒரு நகரம் உண்டு. அது தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில், கத்தோலிக்க மக்கள் பெருமளவில் வாழும் நகரம் அது.

அங்கே 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், மிதிவண்டி ஆர்வலர்கள் சிலர் முயன்று, முக்கியச் சாலைகள் சிலவற்றைக் கார்கள் இல்லாமல் மக்களுக்குத் திறந்துவிடச் செய்தார்கள். அதுவே 'சிக்லோவியா' என்ற பெயரில் வளர்ந்தது. இன்று ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, 120 கிலோமீட்டருக்கும் மேலான சாலைகளில் கார்களுக்கு இடமில்லை. குழந்தைகள் மிதிவண்டி பழகுகிறார்கள். முதியோர் கைகோத்து நடக்கிறார்கள். செல்வந்தரும் ஏழையும் ஒரே சாலையில் இறங்கி வருகிறார்கள்.

ஆனால் மற்ற ஆறு நாள்களில் அந்நகரத்தின் நடைபாதைகள் கார்களின் கையில் இருந்தன. 1998 முதல் 2000 வரை மேயராக இருந்த என்ரிக்கே பென்யாலோசா, கார்களை நடைபாதையிலிருந்து இறக்கத் துணிந்தார். குட்டைத் தூண்களை நட்டார். மிதிவண்டிக்கெனத் தனிப் பாதைகள் அமைத்தார். எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமன்று. கடைக்காரர்கள் கொதித்தார்கள், கார் வைத்திருந்தவர்கள் வசைபாடினார்கள். அவரைப் பதவியிலிருந்தே இறக்கிவிடும் முயற்சியும் நடந்தது. அந்த மேயருக்கு வந்த எதிர்ப்பும் நாம் எழுதிய மனுவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர் பின்வாங்கவில்லை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 24, வியாழக்கிழமை, வேலைநாளாக இருந்தும் நகரம் முழுவதும் தனியார் கார்கள் இல்லாத நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் நடந்தும் மிதிவண்டியிலும் பேருந்திலும் வேலைக்குப் போனார்கள். அம்முயற்சிக்கு அதே ஆண்டில் 'ஸ்டாக்ஹோம் சேலஞ்ச்' என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. அக்டோபரில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தப்பட்டபோது, ஆண்டுதோறும் இப்படி ஒரு நாள் வேண்டும் என்று அவர்கள் ஒப்புதல் அளித்தார்கள். நகரங்களின் போக்குவரத்து முயற்சிகளைப் பாராட்ட 2005-ல் 'நிலைத்த போக்குவரத்து விருது' தொடங்கப்பட்டது. அதை முதலில் பெற்ற நகரமும் பொகோட்டாவே. இன்று அங்கே மிதிவண்டிப் பாதைகள் 500 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன.

பாராட்டு ஏன் தேவை?

நல்லதைச் செய்பவர் கைம்மாறு எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். செய்பவர் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பெற்றவர் மறக்கலாமா? தெரு விஷயத்தில் பாராட்டுக்கு வேறொரு காரணமும் உண்டு.

நடைபாதை ஒன்று போடப்படும்போது இழப்பு முதல் நாளே கண்ணுக்குத் தெரிகிறது: வண்டி நிறுத்த இடம் போயிற்று. இழந்தவர் கடையும் காரும் உள்ளவர்; அவருக்கு அதிகாரிகளைத் தெரியும், மனு எழுதத் தெரியும். நன்மையோ மெல்ல மெல்லத்தான் வருகிறது. அதைப் பெறுபவர்கள் யார்? பள்ளிக்கு நடக்கும் குழந்தை, சக்கர நாற்காலியில் வருபவர், கர்ப்பிணித் தாய், வீட்டு வேலைக்குப் போகும் சகோதரி, மிதிவண்டியில் பால் கொண்டுவருபவர். இவர்கள் யாரும் மனு எழுதுவதில்லை. ஆகவே அந்தப் பொறியாளரின் மேசைக்கு வசவு மட்டுமே வந்து சேர்கிறது. அவர் மாற்றலாகிப் போன பின் அடுத்து வருபவர் கோப்பைத் திறந்தால், குறைகள்தாம் இருக்கும். நன்றி ஒன்றுகூட இருக்காது. பின்பு அத்தூண்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படுவதில் வியப்பென்ன? பேசாதவர்களின் நன்மையைக் கோப்பில் ஏற்றுவதே பாராட்டு. அது நல்லதைக் காக்கும் வேலி.

நம் மண்ணில் விளைந்தவை

மேற்சொன்ன விருதை நம் நாட்டில் 2010-ல் அகமதாபாத்தும் 2020-ல் புனேயும் பெற்றன. சென்னை மாநகராட்சி 2014-ல், போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் செலவிட வேண்டும் என்ற கொள்கையை ஏற்றது. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட அகன்ற நடைபாதையில் நம்மில் பலர் நடந்திருப்போம். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும், தடையற்ற நடைபாதை குடிமக்களின் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று தெளிவுபடுத்தியது. கொள்கையும் தீர்ப்பும் தெருவுக்கு முழுமையாக இறங்கி வர இன்னும் வெகுதூரம் உண்டு. ஆனாலும் தொடக்கத்தை மதிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக நம் புதுக்கோட்டை மாவட்டம் இருந்ததை மறக்கலாமா? 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களின் கையில் கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும் கூலி வேலை செய்யும் பெண்களும் ஓட்டக் கற்றார்கள். கேலியும் ஆபாசப் பேச்சும் அவர்களைத் துரத்தின. அவர்கள் இறங்கவில்லை. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டினார்கள் என்பது பதிவான செய்தி. பேருந்துக்காகக் காத்துக் கிடக்காமல், தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு, தம் நேரத்தைத் தாமே ஆண்டார்கள். இதைக் கண்ட யுனிசெப் நிறுவனம் அறிவொளிப் பெண் தொண்டர்களுக்கு 50 மொபெட் வண்டிகளை வழங்கி ஊக்கப்படுத்தியது. பாராட்டு என்பது கைதட்டலோடு நில்லாமல் அடுத்த அடிக்கு உதவியாகவும் அமையலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

திருச்சபையின் பார்வை

இது மாநகராட்சிக்குரிய விஷயம், ஆலயத்தில் ஏன் பேச வேண்டும் என்று எண்ண வேண்டாம். வத்திக்கான் 2007-ல் சாலை மேய்ப்புப்பணி பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது. ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகளைத் தந்த அந்த ஏடு, சாலையில் வலுக்குறைந்தவரைக் காப்பது நம் கடமை என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' திருமடலில், நகரங்களில் பெருகும் கார்களும் அவற்றுக்காக விரியும் சாலைகளும் மக்கள் வாழ்வின் தரத்தை எப்படிக் குறைக்கின்றன என்று சுட்டிக்காட்டினார்.

பத்துத் தொழுநோயாளரின் நிகழ்வை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அவர்கள் எங்கே நலமடைந்தார்கள்? வழியில், நடந்து போகையில்! பத்துப் பேரும் நலம் பெற்றார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவர் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். நமக்கு நல்ல வழி செய்தவர்களிடம் திரும்பிச் செல்லாத அந்த ஒன்பது பேரில் நாமும் இருக்கிறோம்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, ஆலயத்தின் முன்னுள்ள நடைபாதையை விட்டு நம் வண்டிகளை அகற்றுவோம். ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்பவர்களில் இயன்றவர்கள் நடந்தோ மிதிவண்டியிலோ திருப்பலிக்கு வருவோம். ஆலய வளாகத்தில் நிழலான இடத்தை மிதிவண்டிகளுக்கு ஒதுக்குவோம். கார்களுக்கு மர நிழலும் மிதிவண்டிகளுக்கு வெயிலும் என்ற வழக்கம் மாறட்டும்.

இரண்டாவது, ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவை அந்தப் பத்து அடையாளங்களைக் கொண்டு ஒருமுறை நடந்து பார்க்கட்டும். ஒரு முதியவரையும் ஒரு சிறுவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் எங்கே தயங்கி நிற்கிறார்களோ அங்கேதான் தெருவின் நோய் இருக்கிறது.

மூன்றாவது, நல்லது நடந்த இடத்தில் நன்றி சொல்வோம். பாதை அமைத்த பொறியாளருக்கும், வெயிலில் கல் பதித்த தொழிலாளருக்கும், தன் கடையின் முன் பலகையைப் பின்னால் இழுத்து வழிவிட்ட கடைக்காரருக்கும், பள்ளி வாசலில் குழந்தைகளைச் சாலை கடக்கவைக்கும் காவலருக்கும் பங்கின் பெயரால் ஒரு கடிதம் எழுதுவோம். பங்குத் திருவிழா மேடையில் பொன்னாடை போர்த்தும்போது இவர்களில் ஒருவரையும் அழைப்போம்.

நம் பங்கைப் பொறுத்தவரை, தாமதமாகவேனும் அந்தக் கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டோம். அன்று மனுவில் கையெழுத்திட்ட பேரவை உறுப்பினர்களே இதிலும் கையெழுத்திட்டார்கள். இம்முறை முதல் கையெழுத்து அந்தப் பாட்டியுடையது. பங்குத்தந்தையின் கையெழுத்து கடைசியில் இருக்கிறது.

நம் கால்களை நலமான வழியில் நடத்தும் இறைவன், பிறர் நடக்க வழி செய்வோரையும் ஆசீர்வதிப்பாராக!