பேய்ப்படங்களில் நீதி கேட்பவர் யார்?

திகில் படங்களை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு சமூகம் யாரைக் கண்டு அஞ்சுகிறது, யாருக்கு இழைத்த அநீதியை மறைக்கிறது என்பதை அப்படங்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

1957இல் மெக்சிகோவில் இரண்டு திகில் படங்கள் வெளிவந்தன. பெர்னாண்டோ மெந்தெஸ் இயக்கிய 'எல் வாம்பிரோ'வில் இரத்தம் குடிப்பவன் ஐரோப்பியப் பிரபு. ஒரு பண்ணை மாளிகையைத் தனதாக்கத் துடிப்பவன். அவனுக்கு அழகும் கம்பீரமும் தரப்படுகின்றன. 'லா மோமியா அஸ்தேகா'வில் அச்சமூட்டுபவனோ, காதலித்த குற்றத்திற்காக உயிரோடு புதைக்கப்பட்ட ஆஸ்டெக் பூர்வகுடி வீரன். அவனுக்குக் கிடைப்பது அழுகிய உடல் மட்டுமே. சுரண்டியவனுக்குக் கவர்ச்சி, பாதிக்கப்பட்டவனுக்கு அருவருப்பு என்பதே அங்கு நிகழ்ந்த பாத்திரப் பங்கீடு.

தமிழ்ப் பேய்ப்படங்களின் பங்கீடும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. 'சந்திரமுகி'யில் (2005) ஓர் அரசன் நடனப் பெண்ணின் காதலனைத் தலைவெட்டிக் கொல்கிறான். அவளை உயிரோடு எரிக்கிறான். நீதி கேட்டு அவள் வரும்போது ஒரு பொம்மையை எரித்து ஏமாற்றி அனுப்புகிறார்கள். அவள் குரல் இன்னொரு பெண்ணின் மனநோயாகச் சுருக்கப்படுகிறது. அரண்மனை மட்டும் உடையவர்களிடமே நிலைக்கிறது. 'காஞ்சனா' (2011) நில அபகரிப்பையும் திருநங்கை ஒருவரின் கொலையையும் துணிந்து பேசியது. ஆயினும் அத்திருநங்கையாக நடித்தவர் ஓர் ஆண் நட்சத்திரம். அவர் பழிதீர்க்கவும் நாயகனின் உடலைக் கடன்வாங்க வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்டோருக்குத் திரையில் இடம் கிடைக்கிறது, ஆனால் இறந்த பிறகே கிடைக்கிறது. அப்போதும் சாதியின் பெயர் உச்சரிக்கப்படுவதில்லை.

ஆஸ்டெக் வீரனின் கதை நமக்குத் தொலைதூரக் கற்பனை அன்று. 2003இல் நமது கடலூர் மாவட்டத்தின் புதுக்கூரைப்பேட்டையில், காதல் மணம் புரிந்த தலித் பொறியியல் பட்டதாரி முருகேசனும் வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த கண்ணகியும் ஊர் அறிய நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். 2021 செப்டம்பரில்தான் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களில் இருவர் காவல்துறையினர். 2025 ஏப்ரலில்தான் உச்சநீதிமன்றம் குற்றவாளிகளின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வழக்கை நகர்த்தியது எந்த ஆவியும் அன்று. உறவினரின் உறுதியும் வழக்கறிஞர்களின் உழைப்பும் இயக்கங்களின் குரலுமே அதை நகர்த்தின. பேய்ப்படங்கள் மறைப்பது இந்த உழைப்பைத்தான். பழிதீர்க்கப் பேய் வரும் என நம்பவைக்கும் கதை, சட்டம் ஏன் வரவில்லை என்ற கேள்வியிலிருந்து அரசை விடுவித்துவிடுகிறது.

மாற்றுப் பாதை ஒன்றும் இங்கு தோன்றியிருக்கிறது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் கொல்லப்பட்ட கருப்பி நாய் நாயகனுக்கு வழிகாட்டத் திரும்பி வருகிறது. 'கர்ணன்' (2021) படத்தில், பேருந்து நிற்காததால் சாலையிலேயே உயிர்விட்ட சிறுமி தெய்வ முகமூடியுடன் வருகிறாள். இவர்களை யாரும் ஓட்டுவதில்லை. கொலையுண்டவர்களைத் தெய்வமாக்கி நினைவில் வைக்கும் நம் நாட்டார் மரபு இப்படங்களில் உயிர்பெறுகிறது. பயமுறுத்துவது இறந்தவர்கள் அல்லர், உயிரோடிருக்கும் சாதி என்பதை இவை தெளிவாகச் சொல்கின்றன.

ஆகவே காடாம்புலியூரிலோ சிதம்பரத்திலோ மாணவர்கள் கூடி ஒரு பேய்ப்படம் பார்த்தால் மூன்று கேள்விகளை எழுப்பலாம். கொல்லப்பட்டவர் யார்? எதற்காகக் கொல்லப்பட்டார்? படம் முடியும்போது நிலமும் வீடும் யாரிடம் இருக்கின்றன? மூன்றாவது கேள்விக்கான விடையில்தான் அந்தப் படத்தின் அரசியல் இருக்கிறது.