மூலப்பிரதி யாரிடம்?

கணினி நிரல் எழுதும் நண்பர்கள் பலருக்கும் நேர்ந்திருக்கக்கூடிய துன்பம் ஒன்று சென்ற பருவத்தில் எங்களுக்கும் நேர்ந்தது. நால்வர் சேர்ந்து நூலகக் கணக்குக்கான நிரல் ஒன்றை எழுதினோம். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்ற பெயர்களில் கோப்புகள் ஒரே பென் டிரைவில் கைமாறின. ஒருநாள் காலை திருக்கோஷ்டியூரிலிருந்து பேருந்தில் வந்திறங்கிய நான், இரவெல்லாம் எழுதியதை அதில் ஏற்றினேன். முதல்நாள் நண்பர் செய்திருந்த திருத்தங்கள் அனைத்தும் அழிந்தன. மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. பிழை என்னுடையதே. அந்த மூன்று நாள் படிப்பின் விளைவுதான் இக்கட்டுரை.

யார், எப்போது, எதை மாற்றினார் என்று குறித்துவைத்து, வேண்டும்போது பழைய நிலையை மீட்டுத் தரும் மென்பொருளைப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை என்பர். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்த நம் பதிப்பாசிரியர்களின் பணிக்கு இது உறவுடையது. அவர்கள் ஏடு பல கை மாறிய பிறகு வேறுபாடுகளைத் தேடினர். இங்கோ வேறுபாடு பிறக்கும்போதே பதிவாகிவிடுகிறது.

1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ்., 1982இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி உருவாக்கிய ஆர்.சி.எஸ். ஆகிய இரண்டும் பூட்டு முறையைப் பின்பற்றின. ஒருவர் கோப்பை எடுத்தால், அவர் திருப்பித் தரும்வரை மற்றவர் அதைத் திருத்த முடியாது. எடுத்தவர் பூட்டைத் திறக்காமல் ஊருக்குப் போய்விட்டால் என்னாகும் என்பதை விடுதி மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை!

அடுத்து வந்த சி.வி.எஸ்.ஸின் கதை நமக்கு நெருக்கமானது. 1984–85இல் ஆம்ஸ்டர்டாமில் டிக் கிரூன் என்ற ஆசிரியரும் அவருடைய மாணவர் இருவரும் சேர்ந்து ஒரு கம்பைலர் எழுதினர். மாணவரில் ஒருவர் காலை முதல் மாலைவரை ஒழுங்காக உழைப்பவர். மற்றவருக்கு நேரமே கிடையாது. ஆசிரியருக்கோ மாலைப்பொழுது மட்டுமே ஓய்வு. மூவரும் பூட்டின்றித் தனித்தனியே திருத்தவும், பின்பு அவற்றை இணைக்கவும் கிரூன் செய்த ஏற்பாடே சி.வி.எஸ். ஆயிற்று. ஆனால் அது ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் தனித்தனியே வைத்தது. கோப்பின் பெயரை மாற்றினால் வரலாறு அறுந்துபோகும். 2000இல் தொடங்கி 2004இல் முதற்பதிப்புக் கண்ட சப்வெர்ஷன் இக்குறையைக் களைந்து, முழுத் தொகுப்புக்கும் ஒரே வரிசை எண் கொடுத்தது.

எனினும் இவ்விரண்டிலும் முழு வரலாறு மைய சர்வரில் மட்டுமே இருக்கும். இணைப்பு இல்லையேல் பதிவு இல்லை.

எங்கள் ஊர்க் கோயிலின் வரலாறு அனைவரும் அறிந்ததே. இராமானுசர் 18 முறை நடந்துவந்து நம்பியிடம் பெற்ற மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்பர். கிட் செய்வதும் ஏறத்தாழ அதுவே. (உவமையை இதற்குமேல் இழுத்தால் வைணவ நண்பர்கள் கோபிப்பர்.) லினக்ஸ் பணிக்குப் பயன்பட்ட பிட்கீப்பரின் இலவச அனுமதி 2005இல் நின்றதும், லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். அதே மாதத்தில் மெர்க்கூரியலும் பிறந்தது. இவற்றில் பங்கேற்பவர் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். சிக்னல் இல்லாத பேருந்திலும் பதிவு செய்யலாம், பிறகு அனுப்பிக்கொள்ளலாம். ஒரே வரியை இருவர் மாற்றியிருந்தால், கிட் இரண்டையும் அருகருகே காட்டி நம்மையே முடிவு செய்யச் சொல்லும்.

கிட் கற்பது எளிதன்று, கட்டளைகள் குழப்பும். பெரிய படக்கோப்புகள் மிகுந்த வேலைக்கு, பூட்டு வசதியுள்ள சப்வெர்ஷனே எனக்கு மேலாகத் தோன்றுகிறது. கே.டி.ஈ. திட்டத்தினர் 2010 முதல் நிரல்களைக் கிட்டுக்கு மாற்றத் தொடங்கிய பின்னரும், மொழிபெயர்ப்புகளைப் பல்லாண்டுகள் சப்வெர்ஷனிலேயே வைத்திருந்தனர். தமிழாக்கம் செய்பவருக்குத் தமிழ் அடைவு மட்டும் போதுமல்லவா? கிட்ஹப் என்பது வேறு, கிட் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னது 2008இல் தொடங்கிய இணையச் சேவை. பின்னது நம் கணினியிலேயே இயங்குவது. பதிவுசெய்ததை வேறிடத்துக்கு அனுப்பாமல் விட்டால், கணினி பழுதாகும்போது அதுவும் போகும்.

நாங்கள் கிட்டைத் தேர்ந்தோம். நண்பர் இழந்த திருத்தங்களை அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இரண்டு மாலைகள் ஆயின. எங்கள் களஞ்சியத்தின் முதல் பதிவு அதுதான். அதில் அவர் பெயரையே இட்டோம்.