சோதனையில் தெரியாத வயிற்று வலி

குடல் எரிச்சல் நோயில் (ஐபிஎஸ்) வலி உண்மையானது. ஆனால் ஸ்கேனிலும் எண்டோஸ்கோப்பியிலும் எதுவும் தெரியாது. குடலின் நரம்புகள் சாதாரண வாயுவையும் அசைவையும்கூட வலியாக உணர்கின்றன. குடலும் மூளையும் பேசிக்கொள்ளும் முறை பிசகியிருக்கிறது. இது மனப்பிரமை அன்று. புற்றுநோயாகவும் மாறாது.

2016இல் வெளியான ரோம் 4 என்ற நோயறி வரையறைப்படி, ஐபிஎஸ் என்று முடிவுசெய்யக் கடந்த 3 மாதங்களில் வாரத்துக்கு 1 நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பது, மலம் கழிக்கும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டோடாவது அது தொடர்புற்றிருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி 6 மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும்.

வலியைத் தணிக்க உணவைத் திருத்தலாம்; ஆனால் மலேசியாவின் மூவார் ஊரில் அது எளிதன்று. ஊருக்குப் பேர் வாங்கித் தந்த மீ பண்டோங் என்ற நூடுல்ஸ் உணவில் கோதுமை மீயும் (நூடுல்ஸ்) வெங்காயமும் உண்டு. தமிழர் வீட்டுச் சாம்பாரில் பருப்பு, வெங்காயம், பூண்டு மூன்றுமே சேரும். இவற்றிலுள்ள சில மாவுச்சத்துகள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் நொதித்து வாயுவாகின்றன. மிளகாய்க் காரமும் பலருக்கு வலியைத் தூண்டும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவுமுறையில், இத்தகைய உணவுகளைச் சில வாரங்கள் நிறுத்திப் பின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியைப் பலரும் விட்டுவிடுவது வருத்தத்துக்குரியது. ஆயுள் முழுக்கப் பத்தியம் தேவையில்லை. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் மணம் மட்டும் தங்கும்.

இசப்கோல், புதினா எண்ணெய் மாத்திரை, நடைப்பயிற்சி, போதிய உறக்கம் ஆகியவை உதவும். தேவைப்பட்டால் மருத்துவர் குடல் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து தருவார்.

மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் தொந்தரவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐபிஎஸ் என்று தாமே முடிவுகட்டாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.