பக்கம் இல்லாத புத்தகம்: தமிழ் இ-புக் டிசைன்

போன்ல ஒரு தமிழ் பிடிஎஃபைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் இடமும் வலமுமா இழுத்து இழுத்துப் படிச்சிருக்கீங்களா? பிடிஎஃப் என்பது அச்சிட்ட தாளோட பிரதி மாதிரி. பக்கத்தின் அகலம் மாறாது.

இபப் வடிவம் வேற. அது ஒரு குட்டி வெப்சைட். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கோப்புகளை ஒரே ஜிப்பா கட்டி வச்சது. நாம எழுத்தைப் பெரிசாக்கினா வரிகள் தானா மடங்கிக்கும். பக்கம் எப்படி இருக்கணும்னு வாசகரே முடிவு பண்றார். அப்போ டிசைனருக்கு என்ன வேலை?

ஒரு குறளை எடுத்துக்கோங்க. முதல் அடியில 4 சீர், அடுத்ததுல 3. சின்ன திரையில நாலாவது சீர் கீழே இறங்கிடும். எது அடி, எது மடங்கின துண்டுன்னு தெரியாது. ஸ்பேஸ் தட்டிச் சரிபண்ணினா அடுத்த போன்ல கலைஞ்சிடும். ஒவ்வொரு அடியையும் தனியா குறிச்சு, மடங்குற பகுதி மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி வரணும்னு சிஎஸ்எஸ்ல சொல்லிடணும். அப்புறம் எந்தத் திரையிலும் குழப்பம் வராது.

உரைநடையில ரெண்டு ஓரத்தையும் சமமா நிறுத்துறது அச்சுக்கு அழகு. ஆனா தமிழ்ச் சொற்கள் நீளம். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' அடுத்த வரிக்குப் போயிட்டா, முந்தின வரி முழுக்க ஓட்டை ஓட்டையா இடைவெளி. போனுக்கு இடது ஓரம் மட்டும் நேரா இருந்தா போதும். வரிகளுக்கு நடுவுலயும் தாராளமா இடம் விடுங்க. மேலே புள்ளியும் சுழியும், கீழே 'கு', 'மூ' மாதிரி எழுத்துகளோட வளைவும் முட்டிக்கக் கூடாது.

எல்லாத்தையும் விட முக்கியம், கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு. பாமினி மாதிரி பழைய டிடிபி ஃபான்ட்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்துல தமிழ் வடிவங்களை வச்சவை. திரையில 'தமிழ்'னு தெரியும். அடியில ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளின்னுதான் இருக்கும். அந்த ஃபைலை அப்படியே இ-புக் ஆக்கினா, தேடல் வேலை செய்யாது. பார்வையற்ற ஒருத்தர் ஸ்க்ரீன் ரீடர்ல திறந்தா, அவருக்கு அங்கே புத்தகமே இல்லை.

அதனால முதல்ல யூனிகோடுக்கு மாத்தணும், அப்புறம் மெய்ப்பும் பார்க்கணும். 'ஔ'வுக்குப் பதிலா 'ஒ', 'ள' ரெண்டையும் சேர்த்துப் போட்டிருந்தா பார்வைக்கு ஒண்ணுதான். ஆனா தேடினா ஔவையார் கிடைக்க மாட்டார்!

நீங்க ஒரு இ-புக் செய்யறீங்கன்னா, வெளியிடும் முன்னாடி மூணு சோதனை: எழுத்தை முழு அளவுக்குப் பெரிசாக்குங்க. ஒரு சொல்லைத் தேடுங்க. கண்ணை மூடிட்டு, ஒரு அத்தியாயத்தைப் போனையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. மூணும் சரியா வந்தா, அட்டைப்பட வேலையை ஆரம்பிக்கலாம்.