பாறையில் பூக்கும் 'சீதையின் கண்ணீர்': வளமற்ற மண்ணை நம்பி வாழும் பூச்சியுண்ணும் செடி

சதாரா: மகாராஷ்டிர மாநிலம் சதாரா நகரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் உள்ள காஸ் பீடபூமி, ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நிறம் மாறுகிறது. கோடையில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும் அந்த வெற்றுப்பாறை, பருவமழைக்குப் பின் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் எனப் பல வண்ண மலர்களால் மூடப்படுகிறது. இதில் நீலப் பரப்பை உருவாக்குவதில் பெரும்பங்கு வகிப்பது, பெரும்பாலும் ஒரு சாண் உயரத்தைத் தாண்டாத ஒரு செடி.

மராத்தியில் இதற்கு 'சீதேச்சி ஆசவே' என்று பெயர். சீதையின் கண்ணீர் என்பது இதன் பொருள். தாவரவியலாளர்கள் இதை யூட்ரிகுலேரியா பர்ப்புராசென்ஸ் என அழைக்கின்றனர். பெயரில் சோகம் இருந்தாலும், இது உயிரினங்களைப் பிடித்து உண்ணும் தாவரம்.

யூட்ரிகுலேரியா இனச் செடிகளுக்கு உண்மையான வேர் கிடையாது. நூல் போன்ற மெல்லிய தண்டுகள் ஈரமண்ணுக்குள் படர்கின்றன. அவற்றில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பைகள் உள்ளன. ஒவ்வொரு பையும் தன்னுள் இருக்கும் நீரை வெளியேற்றி, உள்ளே அழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மண் ஈரத்தில் நீந்தும் நுண்ணுயிர் ஒன்று வாயிலில் பட்டதும் கதவு உட்புறமாகத் திறக்கிறது. நீரோடு சேர்த்து இரையும் உள்ளே இழுக்கப்படுகிறது. நீரில் வாழும் யூட்ரிகுலேரியா இனங்களை அதிவேகக் கேமராவில் பதிவு செய்தபோது, இந்நிகழ்வு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிவது தெரியவந்தது. 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்கள் குறித்து நூல் எழுதிய சார்லஸ் டார்வின்கூட, இரை தானாகவே கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிறது என்றே கருதியிருந்தார்.

இத்தனை நுட்பமான பொறி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை பாறையில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள காஸ், தக்காணத்தின் எரிமலைக் குழம்பு இறுகி உருவான பாறையின் மேல் அமைந்தது. அப்பாறையின் மேற்பகுதி நீண்ட காலம் மழையில் சிதைந்து, இரும்புச்சத்து மிகுந்த லேட்டரைட் எனப்படும் செம்பாறையாக மாறியது. அதன் மீதுள்ள மண் பல இடங்களில் ஓரிரு அங்குல ஆழம் மட்டுமே. கனமழை நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளைக் கரைத்துச் சென்றுவிடுகிறது. மரங்கள் வேரூன்ற வழியில்லை. மழைக்காலத்தில் நீர் தேங்கி நிற்கும். கோடையில் சொட்டு ஈரமும் இருக்காது. மண் தராத சத்தை இரையிடமிருந்து பெறும் செடிக்கு இது ஏற்ற இடம். மண் வளமானால் உயரமான புற்கள் வளர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். பொதுவாக நன்மை என்று கருதப்படும் மண்வளம், இச்செடிக்கு ஆபத்து.

கோடையைக் கடக்க இச்செடி கையாளும் வழி, செடியாக இல்லாமல் இருப்பதுதான். முதல் மழையில் முளைத்து, பூத்து, தூசி போன்ற நுண்ணிய விதைகளைச் சிந்திவிட்டு, ஈரம் காய்வதற்குள் மடிகிறது. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்துத் தலைப்புச் செய்தியாகும் 'டோப்லி கார்வி'யும் (குறிஞ்சியின் உறவுச் செடி) காஸில் உண்டு. ஆனால் அது பல்லாண்டு வாழும் புதர். சீதையின் கண்ணீருக்கு அந்த வசதி இல்லை. பூ விதையாகும் முன் மிதிபட்டால், அடுத்த பருவத்துக்கான இருப்பு அந்த இடத்தில் குறைகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களுள் ஒன்றாக 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் காஸ் இடம்பெற்றது. அதன்பின் மலர்க் காலத்தில் கூட்டம் பெருகியது. நுழைவுக் கட்டணம், முன்பதிவு, நாளொன்றுக்கான பார்வையாளர் வரம்பு ஆகியவை நடைமுறைக்கு வந்தன. பீடபூமியைச் சுற்றிக் கம்பிவேலியும் போடப்பட்டது. ஆனால் கால்நடைகள் மேய்வது நின்றதால் புல் உயர்ந்து சிறு மலர்ச்செடிகள் குறைந்தன என்ற கருத்து எழுந்ததை அடுத்து, வேலி பின்னர் அகற்றப்பட்டது. மனிதக் காலடியைத் தடுக்கப் போட்ட வேலி, மாட்டின் வாயையும் தடுத்துவிட்டது என்பதே பிரச்சினை. எவ்வளவு மேய்ச்சல் போதுமானது என்பதில் விவாதம் ஓயவில்லை.

காஸுக்குக் கிடைத்த பாதுகாப்பு, இதே போன்ற மற்ற செம்பாறைப் பீடபூமிகளுக்கு இல்லை. சதாரா மாவட்டத்தின் சால்கேவாடியில் காற்றாலைகள் நிற்கின்றன. கோலாப்பூர் பகுதியில் பாக்சைட் தாதுக்காகச் சில பீடபூமிகள் தோண்டப்பட்டுள்ளன. ஆண்டில் எட்டு, ஒன்பது மாதங்கள் வெறும் பாறையாகக் காட்சியளிக்கும் இந்நிலங்கள் தரிசாகவே கணக்கிடப்படுவது வழக்கம். கோடையில் ஆய்வுக்குச் செல்பவரின் கண்ணுக்கு அங்கு ஒரு செடியும் தென்படாது. விதைகள் பாறை இடுக்குகளில் ஜூன் மாத மழைக்காகக் காத்திருக்கும்.