வெப்பத்தை இறைக்கும் எந்திரம்

அக்கினி நட்சத்திர நாள்களில் வீட்டு முதியோர் படும் துன்பம் சொல்லி முடியாது. அவர்கள் பொருட்டே இன்று நடுத்தரக் குடும்பங்களும் கடன்பட்டேனும் ஓர் ஏ.சி. எந்திரம் வாங்கிவிடுகின்றன. வாங்குமுன் பத்துக் கடை ஏறி விலை கேட்கிறோம். பொருத்தும் நாளிலோ, வந்த பணியாளரிடம் சுவரைக் காட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மின்கட்டணமும், சில வேளைகளில் உயிரும், அந்த இரண்டு மணி நேரத்தைப் பொறுத்திருக்கின்றன.

இவ்வெந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை. கிணற்று நீரை ஏற்றம் இறைப்பது போல, அறையிலுள்ள வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. ஆதலின் இதுவும் ‘ஹீட் பம்ப்’ இனத்தைச் சேர்ந்ததே. குளிர்நாடுகளில் இதே முறையைத் திருப்பி இயக்கி, வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொணர்கின்றனர். மின்சாரம் இறைப்பதற்கு மட்டுமே செலவாவதால், ஒரு பங்கு மின்சாரத்தால் ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பத்தை அகற்ற இயலுகிறது.

இறைத்த வெப்பம் போய்ச்சேர இடம் வேண்டுமன்றோ? வெளிப்பெட்டி பார்வைக்கு அழகாயிராதென்று, இரு சுவர்களுக்கிடையே குறுகிய சந்தில் வைக்கச் சொன்னவன் நானே. தான் கக்கிய சூட்டையே அது மீண்டும் உறிஞ்சி, நண்பகலில் திணறித் திணறி நின்றது. காற்றோட்டமுள்ள மாடிச் சுவருக்கு மாற்றிய பின்னரே சீராயிற்று.

மாற்ற வந்தவரால் வேறொரு பாடமும் கற்றேன். குழாய்களை இணைத்தபின், உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பினால் உறிஞ்சி அகற்றிய பிறகே வாயுவைத் திறந்துவிட வேண்டும். அவரோ சிறிது வாயுவை வெளியேவிட்டு, அதனாலேயே காற்றைத் தள்ளப் பார்த்தார். “எல்லா வீட்டிலும் இப்படித்தான், ஐயா” என்றார். பம்பு வந்தால்தான் பணம் என்றேன், மறுநாள் வந்தது. இது வீண் பிடிவாதமன்று. இன்று பல எந்திரங்களிலுள்ள ஆர்-32 வாயு தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பதோ புரோப்பேனேதான். கசிவு சோதிக்க உலர்ந்த நைட்ரஜனே தக்கது. எவரேனும் ஆக்சிஜன் உருளையைக் கொண்டுவந்தால் அக்கணமே தடுத்துவிடுங்கள்; குழாயிலுள்ள கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கக்கூடும்.

மின்னிணைப்பிலும் சிக்கனம் பாராட்டலாகாது. பிற கருவிகள் சேராத தனித் தாமிரக் கம்பி, அதற்கெனத் தனி எம்.சி.பி., பழுதற்ற எர்த் இணைப்பு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. நீட்டிப்புக் கம்பியில் ஏ.சி.யைச் சொருகுவது தீயை விலைக்கு வாங்குவதாகும். வெளிப்பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கிறதா என்றும் ஆண்டுதோறும் பாருங்கள். கடலோர ஊர்களில் இது மிகவும் தேவை. கீழே குழந்தைகள் விளையாடும் இடமாயிருக்கலாம்.

இனி, இயக்கும் முறை. 18 பாகையில் வைத்தால் அறை விரைவில் குளிருமென்று பலர் எண்ணுகின்றனர். விரைவாய்க் குளிராது, நெடுநேரம் ஓடும், அவ்வளவே. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீட்டுடன் விற்கப்படும் அறை ஏ.சி.க்கள் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 26-இல் வைத்து, மின்விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் முதியோருக்கும் இதமாயிருக்கும்.

காற்று வடிகட்டியில் தூசி அடைந்தால் இவையனைத்தும் வீணே. எம் இல்லத்தில் அப்பணி இளைய மகளுடையது. இரு வாரத்துக்கொருமுறை ஞாயிறு காலையில் எந்திரத்தின் மின்னிணைப்பை நிறுத்தி, வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்திவிடுகிறாள்.