கட்டளை வழி லினக்ஸ் நிறுவுதல்

2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அதனை ஆக்கிய நிறுவனத்தார் அளித்துவந்த பொதுப் பராமரிப்பு முடிவெய்திற்று. அதன் பின்னோனாகிய விண்டோஸ் 11, குறித்த சில செயலிகளையும் ரீ.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் உடைய கணனிகளையே ஏற்பது. ஆதலின், உறுப்புக்களில் யாதொரு பழுதுமில்லாத கணனிகள் பல வீடுகளிலும் பாடசாலைகளிலும் துணி போர்த்தப்பட்டு மூலையில் இருக்கின்றன. பழைய மாணவர் அன்பளிப்பாக அனுப்பும் கணனிகளுள்ளும் இத்தகையன உண்டு. அவற்றை மீள எழுப்பி நடத்தவல்ல வழிகளுள் ஒன்று லினக்ஸ்.

லினக்ஸ் என்பது உண்மையில் ஒரு கருவின் பெயர். கணனியின் உறுப்புக்களை நேரே ஆளும் அக்கருவை 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் எழுதி வெளியிட்டார். கருவொன்றே இருந்து பயனில்லை. 1983 இல் றிச்சட் ஸ்ரோல்மன் அறிவித்துத் தொடக்கிய குனூ என்னும் முயற்சியின் கருவிகளும் பிறவும் அதனோடு சேர்ந்தே முழு முறைமை ஆயின. இவற்றையெல்லாம் தொகுத்து வழங்குவோர் பலர். அவரவர் தொகுப்பை வழங்கல் என்பர். உபுண்டு போன்ற வழங்கல்களை நிறுவுவது எளிது. படத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் மற்றையவற்றை அதுவே செய்துகொள்ளும். யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அதுவன்று. கனடாவைச் சேர்ந்த யட் வினெற் என்பார் 2002 இல் தொடக்கிய ஆர்ச் லினக்ஸ் என்னும் சிறு வழங்கலைக் கைப்பட நிறுவும் முறையையே விளக்கப் புகுகின்றோம். அதற்கும் வழிநடத்தும் ஒரு மென்பொருள் 2021 முதல் உடன்வருகின்றது. ஆயினும், ஒரு பணிசெயல் முறைமை எவ்வெவ் உறுப்புக்களால் ஆயது என்பதைக் கண்ணாற் காண விரும்பும் மாணாக்கர்க்குக் கைவழியே தக்கது.

தமிழ் கற்பிக்கும் எமக்கு இதில் என்ன வேலை எனச் சிலர் நகைத்தல் கூடும். கட்டளை என்பது ஏவல் வினையாலாய ஒரு வாக்கியமே. வினை முதலில் நிற்கும். சிறு கோட்டோடு வரும் அடை அதனைத் தொடரும். செயப்படுபொருள் இறுதியில் வரும். தமிழ்த் தொடரைத் தலைகீழாக நிறுத்தினாற் போன்றது அது. சொற்களுக்கிடையே விடும் வெளி மிகமிகக் கவனிக்கற்பாலது. 'பலகை' என்பது சேர்ந்துநின்று ஒரு பொருளும், 'பல கை' எனப் பிரிந்துநின்று வேறொரு பொருளும் தருதலைப் பொதுமொழி என்று இலக்கணத்திற் படித்தோமன்றோ? அஃதே இங்கும். ஒரு வெளி மிகினும் குறையினும் கணனி பிறிதொன்றைச் செய்யும். இன்னொரு பண்பும் கூறுதற்குரியது. இட்ட கட்டளை செவ்வனே நிறைவேறின் அது பெரும்பாலும் வாளா இருக்கும்; பிழை நேர்ந்தால் மட்டுமே முறையிடும். திரையில் ஒன்றும் தோன்றவில்லையே என்று புதியவர் கலங்குவர். கலங்க வேண்டியதில்லை. கட்டளைகளின் பெயர்களை இக்கட்டுரையில் ஒலிவடிவில் மாத்திரம் தந்துள்ளோம்; தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்திலே தட்டுக.

முதற்கண் வேண்டுவது 64 பிற்றுச் செயலியுள்ள கணனி. 32 பிற்றுக் கணனிகளுக்கான ஆதரவை ஆர்ச் 2017 இல் நிறுத்திவிட்டது. ஆர்ச் இணையத்தளத்தில் மாதந்தோறும் புதிதாக வெளியாகும் நிறுவற் கோப்பை இறக்கிக்கொள்க. அது ஒரு கிகாபைற்றுக்கு மேற்பட்டது. அதனோடு தரப்பட்டுள்ள சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடுதல் நன்று. இறக்கும்போது ஒரு பிற்றுப் பிறழ்ந்திருந்தாலும் தொகை முற்றும் மாறித் தோன்றும். பின்னர் அக்கோப்பை யூ.எஸ்.பி. நினைவியொன்றில் ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுதுதல் வேண்டும். வெறுமனே பிரதிசெய்தல் போதாது. நினைவியில் முன்பிருந்தவை அழிந்துபோம். கணனியின் அடிப்படை அமைப்புத் திரையிலே 'செக்கியூர் பூற்' என்பதை நிறுத்திவிட்டு நினைவியிலிருந்து தொடக்குக.

சிறிது நேரத்திற் கருந்திரையும் கண்சிமிட்டும் குறியும் தோன்றும். பொத்தானில்லை, படமில்லை. இப்பொழுது நாம் 'றூற்' என்னும் பெயரில் நுழைந்திருக்கின்றோம். அப்பெயருடையாரைக் கணனி தடுப்பதில்லை என்பதை நினைவிற் கொள்க. வலையமைப்புக் கம்பியைச் செருகினால் இணையம் பெரும்பாலும் தானே இணையும். கம்பியில்லா இணைப்பாயின் 'ஐடபிள்யூசிரிஎல்' என்னும் கருவியாற் கடவுச்சொல்லைக் கொடுத்து இணைத்தல் வேண்டும். எமது கருத்து, முதன்முறை நிறுவுவார் கம்பியையே நாடுதல் நன்று என்பது.

இனி வருவதே இக்கருமத்தின் மிக இடரான இடம். எந்த வன்தட்டில் நிறுவப்போகின்றோம் என்பதை நாமே சொல்லல் வேண்டும். தட்டுக்கள் 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்றோ, புதியவையாயின் 'என்விஎம்ஈ' எனத் தொடங்கும் பெயராலோ வழங்கும். எது எதுவென அறிய எல், எஸ், பி, எல், கே என்னும் ஐந்தெழுத்தைத் தட்டுக. சைவர்க்கு ஐந்தெழுத்து எங்கும் துணை. இவ்விடத்துக்கு இவ்வைந்தெழுத்தே துணை. தட்டுக்களின் பட்டியல் அளவுகளோடு தோன்றும். 500 கிகாபைற்று எனக் கடையில் விற்ற தட்டு 465.8 என்று காட்டப்படும். விற்போர் ஆயிரத்தின் மடங்காலும் இக்கருவி 1024 இன் மடங்காலும் எண்ணுவதே காரணம். தட்டுக் குறைந்துவிட்டதென ஐயுறற்க. இரண்டு தட்டுக்கள் ஒரே அளவினவாயின், மற்றையதைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குவதே அறிவுடைமை. தட்டின் பெயரில் ஓரெழுத்து மாறினால் பத்தாண்டுக் காலத்து வினாத்தாள்களும் புள்ளிப்பட்டியல்களும் ஒருவர் வீட்டு மணவிழாப் படங்களும் ஒருங்கே போம். வேண்டிய கோப்புக்களை வேறு இரண்டிடங்களிற் பிரதிசெய்து, அப்பிரதிகள் திறக்கின்றனவா எனவும் பார்த்த பின்னரே அடுத்த அடியை எடுத்துவைக்க.

தட்டைப் பகுப்பதற்கு 'எஃப்டிஸ்க்' என்னும் கருவி உண்டு. நாம் சொல்லும் மாற்றங்களையெல்லாம் அது நினைவகத்தில் மாத்திரம் வைத்திருக்கும். 'டபிள்யூ' என்னும் எழுத்தைத் தட்டும் வரை தட்டில் யாதும் எழுதப்படாது. 'கியூ' என்னும் எழுத்தைத் தட்டினால் ஒன்றும் நிகழாதது போல வெளியேறலாம். மாணாக்கர் இவ்விடத்தில் அஞ்சாது பழகலாம். பகுத்து, பட்டியலைப் பார்த்து, 'கியூ' தட்டி வெளியேறி, மீளவும் பகுக்கலாம். கை பழகிய பின்னர் 'டபிள்யூ' தட்டுக. மூன்று பகுதிகள் போதும்: தொடக்கத்துக்கு ஒரு கிகாபைற்று, நினைவகம் நிரம்பும்போது உதவும் மாற்றிடத்துக்கு நான்கு, எஞ்சியது வேர்ப்பகுதிக்கு. பின்னர் ஒவ்வொன்றையும் அதற்குரிய கோப்பு முறைமைக்கு ஏற்ப வடிவமைத்தல் வேண்டும். தொடக்கப் பகுதிக்கு 'ஃபற்32', வேருக்கு 'ஈஎக்ஸ்ரி4' என்பன வழக்கு. விண்டோஸையும் உடன் வைத்திருக்க விரும்புவார் ஏற்கெனவே உள்ள தொடக்கப் பகுதியை வடிவமைத்தலாகாது. வடிவமைப்பின் விண்டோஸ் தொடங்காது.

லினக்ஸில் 'சி', 'டி' எனத் தனித்தனித் தட்டுப் பெயர்கள் இல. வேர் ஒன்றே, மற்றையன யாவும் அதன் கிளைகள். 'மவுண்ட்' என்னும் கட்டளையால் முதலில் வேர்ப்பகுதியைப் பொருத்திப் பின்னரே தொடக்கப் பகுதியை அதன் கீழ்ப் பொருத்துக. முறை மாறின், முன் பொருத்தியதன்மேல் வேர் வந்து மூடிக்கொள்ளும்.

இப்பொழுது 'பக்ஸ்ராப்' என்னும் கட்டளை. இணையத்திலிருந்து பொதிகளை இறக்கிப் புதிய வேரிலே வைப்பது இது. எவ்வெப் பொதிகள் என்பதை நாமே பெயர் சொல்லிக் கேட்டல் வேண்டும். 'பேஸ்' என்னும் அடிப்படைப் பொதி ஒன்றே போதுமெனக் கருதுவார் பலர். 2019 ஒக்டோபர் முதல் அப்பொதியிற் கருவும் இல்லை, கோப்பைத் திருத்தும் கருவியும் இல்லை. ஆகவே 'லினக்ஸ்', 'லினக்ஸ் ஃபேம்வெயர்' என்பவற்றையும், 'நனோ' என்னும் சிறு திருத்தியையும், 'நெற்வேர்க்மனேஜர்' என்பதையும் உடன் கேட்க. இறுதியிற் சொன்னதை மறப்பவரே மிகுதி. நிறுவும்போது இணையம் இருந்ததாதலின் பின்னரும் இருக்கும் என எண்ணிவிடுகின்றனர். அப்போதிருந்தது யூ.எஸ்.பி. நினைவியிலுள்ள முறைமையின் இணையம். புதிய முறைமைக்கு நாம் கொடுத்தாலன்றி ஒன்றுமில்லை.

எப்பகுதி எவ்விடத்திற் பொருந்தும் என்பதை ஒவ்வொரு தொடக்கத்திலும் கணனி அறிதற்கு 'எஃப்எஸ்ராப்' என்னும் அட்டவணை வேண்டும். அதனை 'ஜென்எஃப்எஸ்ராப்' என்னும் கட்டளை ஆக்கித் தரும். தட்டின் பெயரையன்றி, பகுதிக்கே உரிய நீண்ட அடையாள எண்ணை எழுதுமாறு அடை கொடுத்தல் வேண்டும். இன்று 'எஸ்டிஏ' எனப்பட்டது, நாளை வேறொரு தட்டைச் செருகிய அளவில் 'எஸ்டிபி' ஆகலாம். அடையாள எண்ணோ மாறாது.

இதன்பின் 'ஆர்ச் சிறூற்' என்னும் கட்டளையாற் புதிய வேருக்குள் நுழைகின்றோம். ஓடிக்கொண்டிருக்கும் கரு இன்னமும் நினைவியில் உள்ளதே. ஆயினும் கண்ணிற்படும் கோப்புக்கள் யாவும் புதிய வீட்டினுடையவை. இங்கிருந்துதான் நேர வலயம், மொழி, கணனியின் பெயர், கடவுச்சொல் என்பவற்றை அமைத்தல் வேண்டும். நமக்குரிய வலயம் ஏஷியா கொழும்பு. 1996 இல் இலங்கையின் கடிகாரம் முதலில் ஆறரை மணியாகவும் பின்னர் ஆறு மணியாகவும் மாற்றப்பட்டு, 2006 இல் மீண்டும் ஐந்தரை மணிக்கே வந்ததை மூத்தோர் மறந்திரார். அம்மாற்றங்கள் யாவும் அச்சிறு கோப்பினுட் பதிவாகியுள்ளன. மொழியைப் பொறுத்தவரை, இலங்கைத் தமிழுக்கு உரிய அமைப்பும் பட்டியலில் உண்டு. அதனைக் கண்டு மகிழலாம். ஆயினும் இப்போதைக்கு ஆங்கிலத்தையே தெரிக. கருந்திரை எழுத்துக்களைத் தனித்தனியே வரிசையில் வைக்கவல்லதேயன்றி, கொம்பும் காலும் சேர்த்துத் தமிழை உருவாக்கவல்லதன்று. தமிழைத் தெரிந்தால் வெறுங் கட்டங்களே தோன்றும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையிற் புள்ளிகூடத் தோன்றாது. விசைப்பலகை பழுதென எண்ணற்க.

எஞ்சியது தொடக்கி. மின்னைக் கொடுத்தவுடன் கருவைத் தேடி நினைவகத்தில் ஏற்றுவது அதுவே. 'கிறப்' என்பது பலரும் பாவிக்கும் தொடக்கி. அதனை நிறுவுவதும் அதன் அமைப்புக் கோப்பை ஆக்குவதும் இரு வேறு கட்டளைகள். ஒன்றைச் செய்து மற்றையதை விட்டாற் பயனில்லை. யூ.ஈ.எஃப்.ஐ. முறையிற் தொடங்கும் கணனிக்கு 'ஈஎஃப்ஐ பூற்மனேஜர்' என்னும் பொதியும் வேண்டும். நெற்வேர்க்மனேஜரை ஒவ்வொரு தொடக்கத்திலும் இயங்குமாறு 'சிஸ்ரம்சிரிஎல்' கட்டளையால் இப்போதே பணித்துவிடுக. பின் வெளியேறி, பொருத்தியவற்றைக் கழற்றி, மீளத் தொடக்கி, நினைவியை உருவிக்கொள்க.

தொடங்கவில்லையா? மனந்தளர்ந்து எல்லாவற்றையும் அழித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவோர் உளர். அது வேண்டாத வேலை. நினைவியைச் செருகி அதிலிருந்து தொடக்கி, பகுதிகளை முன்போலப் பொருத்தி, உள்ளே நுழைந்து, விடுபட்டதை மட்டும் செய்தாற் போதும். பகுத்ததும் இறக்கியதும் அங்கேயே இருக்கும். விண்டோஸ் கெட்டுப்போன கணனியிலிருந்து கோப்புக்களை மீட்டெடுப்பதற்கும் பெரும்பாலும் இதே வழி உதவும்.

ஆய்கூடத்துக் கணனிகள் அனைத்திலும் ஆர்ச்சை நிறுவுமாறு யாம் சொல்லமாட்டோம். அதன் பொதிகள் இடையறாது புதுப்பிக்கப்படுபவை. பல மாதம் தொடாது விட்டுப் புதுப்பிப்பின் இடர் விளைதல் கூடும். வகுப்புப் பாவனைக்கு டெபியன் போன்ற நிலைத்த வழங்கலே ஏற்றது. ஆர்ச் மாணாக்கர் ஓரிருவர் சேர்ந்து ஒரு பழைய கணனியிற் பழகுதற்குரியது.

உள்நுழைந்தபின் 'எக்ஸ்எஃப்சிஈ' போன்ற இலகுவான திரைச்சூழலொன்றை இறக்கிக்கொண்டால் படமும் பொத்தானும் வந்துவிடும். நோட்டோ எழுத்துருக்களைச் சேர்த்தபின் தமிழ் செவ்வனே தோன்றும். அமைப்பு மொழியையும் அப்போது தமிழாக்கலாம். தட்டச்சுக்கு 'ஐபஸ்' என்னும் உள்ளீட்டுக் கருவியையும் அதனோடு 'எம்17என்' தொகுதியையும் நிறுவின், இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகை அங்கே ஆயத்தமாக உள்ளது.